கயல் மாலை போட்ட நாட்கள்

17 நவம்பர் 1999, புதன்

தூறல். கார்த்திகை முதல் தேதி. ஐந்து மணிக்கே தொம்மலூர் பிள்ளையார் கோயில் வாசலில் பதினோரு பேர், ஈரத்தலையோடு. பத்து ஆண்கள். ஒரு கயல்.

அவளுக்குப் பல் தந்தி அடித்தது. அழவில்லை.

மாலை போட்டுவிட்டவர் முருகேசன் மச்சான், என் மனைவி சுமதியின் அண்ணன். பொம்மசந்திராவில் லேத் ஆபரேட்டர். பத்தொன்பது வருஷம் விடாமல் சபரிமலைக்குப் போனவர், ஆகவே எங்கள் தெருவுக்குக் குருசாமி. இது இருபதாவது. இரும்பை இழை பிசகாமல் கடைகிற கை அது. துளசிமணி மாலையைத் தங்கை மகள் கழுத்தில் போடும்போது மட்டும் ஈரக் கூந்தலில் மாட்டி இரண்டு தடவை பிசகியது.

நான் வெளியே, செருப்புகளுக்குக் காவல்.

கயலுக்கு வருகிற மார்ச்சில் பத்து வயது. பத்து ஆகிவிட்டால் ஐம்பது தாண்டும்வரை பெண்களுக்கு அந்த மலை கிடையாது. ஆகவே இதுதான் கடைசி வருஷம். யாரும் தூண்டவில்லை. ஆகஸ்ட்டில் ஒரு நாள் ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டே, நானும் மாமாகூட மலைக்குப் போறேன் என்றாள். அவ்வளவுதான்.

என் பங்குக்கு வாதாடினேன். எம்.எஸ்ஸி. வரை படித்ததெல்லாம் வேறு எதற்கு.

"பத்து வயசுக்கு மேல உன்னை வேணாம்னு சொல்ற இடத்துக்கு நீ ஏன் போகணும்?"

"அதனாலதாம்ப்பா இப்பவே போகணும்."

மூன்று மாதமாக இந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டுகிறேன்.

மச்சான் சொன்ன விதிகள்:

இரண்டு வேளை பச்சைத் தண்ணீர்க் குளியல்.
செருப்பு கூடாது.
பாயில் படுக்கை. தலையணை இல்லை.
வீட்டில் கறி, மீன், முட்டை இல்லை. (எனக்கும்தான்.)
பொய் கூடாது. கோபம் கூடாது.
மாலை போட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது. ஆணானால் சாமி, பெண்ணானால் மாளிகைப்புரம். சின்ன வாய்க்கு அது நீளம், சாமியே போதும் என்று விட்டுவிட்டார்.

நாற்பத்தெட்டு நாள். மற்றவர்கள் நாற்பத்தொன்று என்பார்கள். எங்கள் குருசாமிக்கு முழு மண்டலம். ஜனவரி 2 கிளம்பி, 3-ஆம் தேதி படி ஏறுவது.

ஆக இன்று காலையிலிருந்து நான் என் மகளைச் சாமி என்று கூப்பிட வேண்டும்.

19 நவம்பர், வெள்ளி

வெயில். கூப்பிட வரவில்லை. "ஏய்" என்று தொடங்கி நிறுத்திவிடுகிறேன். சு. எப்படி ஒரே நாளில் மாறினாள் என்று தெரியவில்லை. "சாமி, பால் ஆறுது, வாங்க." குரலில் நடிப்பே இல்லை.

பள்ளிக்கூடத்தில் ஷூ பிரச்சினை. லீவு போட்டு நானே போனேன். கான்வென்ட். தலைமை ஆசிரியை ஒரு சிஸ்டர், மங்களூர்ப் பக்கம். பஸ்ஸில் ஒரு சொற்பொழிவே தயாரித்துக்கொண்டு போயிருந்தேன்: குழந்தையின் உரிமை, நம்பிக்கைச் சுதந்திரம் இத்யாதி. சிஸ்டர் அதைக் கேட்கவே இல்லை. எத்தனை நாள் நோன்பு என்றார். சொன்னேன். எங்களுக்கு நாற்பது, உங்களுக்கு எட்டு கூட என்று சிரித்தார். வெறுங்காலோடு வரட்டும், விளையாட்டு மைதானத்தில் கண்ணாடிச் சில் கிடக்கும், பெருக்கச் சொல்கிறேன் என்றார். முடிந்தது.

அந்த மேஜையில் மூன்று பேர். சிஸ்டர், கயல், நான். இரண்டு பேருக்கு ஒரே பாஷை. எனக்குத்தான் மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது.

28 நவம்பர், ஞாயிறு

மேகமூட்டம். துணி காயவில்லை. கறுப்புப் பாவாடை இரண்டுதான், மூன்றாவது தைக்கக் கொடுக்க வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து அப்பா போன் செய்தார். எழுபத்திரண்டு வயது, நாற்பது வருஷமாகக் கறுப்புச் சட்டை, கடவுள் இல்லை என்று மேடையில் பேசியவர். எங்கள் வீட்டில் சாமி படம் இருந்ததில்லை. சு. வந்த பிறகு சமையலறை அலமாரியில் மூன்று. அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று ரிசீவரைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டேன்.

"என்னடா, பேத்தியும் கறுப்புச் சட்டைக்கு வந்துட்டாளாமே."

பிறகு கயலிடம் கொடுக்கச் சொன்னார். என்ன பேசினார்களோ, அவள் பாட்டுக்கு "ஆமா தாத்தா, குளிருது தாத்தா" என்றாள். திரும்ப என்னிடம் வந்தபோது, காலைல பச்சைத் தண்ணியாமே, பிடிவாதம் நம்ம வழிதான் என்றார். ஒப்புதலா, கிண்டலா. அவருக்கே தெரிந்திருக்காது.

ஆபீஸ் பற்றி ஒரு வரி. வைட்ஃபீல்டில் பழைய புரோகிராம்களைத் திருத்துகிறோம். வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனவரியில் 00 வந்ததும் கம்ப்யூட்டர் அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு வருஷமாக 99, 00, 99, 00. உலகம் முடியப்போகிறது என்று கம்பெனி பஸ்ஸில் நேற்று ஒருவர், அவரை மறுத்து ஒருவர். பின் சீட்டிலிருந்து ஒரு பெண் குரல்: "முடிஞ்சா முடியட்டும், திங்கக்கிழமையாவது லீவு விடுவாங்க."

5 டிசம்பர், ஞாயிறு

எழுதவே கூச்சம்.

காலையில் கணக்குப் பாடம். நீள்வகுத்தல். மூன்றாவது தடவையும் மீதியைக் கீழே இறக்க மறந்தாள். சொன்னதையே சொல்லிச் சொல்லி, கழுதை என்று கத்தி, கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் கை மேலே போனது.

அவள் நகரவில்லை. கழுத்து மணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சமையலறையிலிருந்து சு. வந்து, சத்தமே போடாமல்:

"சாமி மேலயா கை ஓங்குறீங்க?"

கை இறங்கிவிட்டது. வெளியே போய் 500 அடி தூரம் நடந்து, டீ குடித்து, திரும்பி வந்தேன். மாலை போட்டவரிடம் தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் விதி. கேட்டேன். "சாமி, தப்பு என்மேலதான்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது. இதே வாக்கியத்தை "கயல்" என்று தொடங்கியிருந்தால் பாதியில் விட்டிருப்பேன்.

அவள் நோட்டைத் திறந்து, "சரி, மறுபடி சொல்லுப்பா" என்றாள்.

யோசனை: கழுத்தில் மணி இருப்பதால் ஓங்கிய கை இறங்கியது. அக்டோபரில் மணி இல்லை. அக்டோபரில் இரண்டு தடவை அடித்தேன். அப்போது அவள் யார்?

நம்பிக்கை இல்லாதவன் நான். ஆனால் ஒரு குழந்தையைச் சாமி என்று கூப்பிடச் சொன்ன ஆள் யாரோ, அவனுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரிந்திருக்கிறது.

12 டிசம்பர், ஞாயிறு

நல்ல குளிர். பக்கத்து பிளாட் பையனுக்கு நேற்றுப் பிறந்தநாள். கேக் கொடுத்திருக்கிறார்கள். பாதி தின்ற பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது: கேக்கில் முட்டை.

யாரிடமும் சொல்லவில்லை, நேராக மாமா வீட்டுக்குப் போயிருக்கிறாள், தனியாக, மூன்று தெரு தாண்டி. மச்சான்தான் கூட்டிக்கொண்டு வந்தார். உதட்டோரத்தில் இன்னும் கிரீம். மச்சானின் தீர்ப்பு: தலைக்குத் தண்ணீர், நூற்றெட்டு சரணம், சரியாப்போச்சு. தெரியாமல் தின்றது தப்பாகாது என்றும் சொன்னாராம். இவள் கேட்கவில்லை, நூற்றெட்டையும் எண்ணிச் சொன்னாள். எழுபதில் விக்கல் வந்தது. மறுபடி ஒன்றிலிருந்து.

பிறகு கேட்டேன். "பாதி கேக்குதானே, யாரும் பாக்கலையே?"

"நான் பாத்தேன்ல."

இதை எங்கே கற்றாள்? என்னிடமிருந்து இல்லை. நான் போன வாரம்கூட மேனேஜரிடம் காய்ச்சல் என்று சொன்னேன்.

19 டிசம்பர், ஞாயிறு

வெயில் சுள்ளென்று. பதினொரு மணிக்கு வாணியம்பாடியிலிருந்து போன். சு.வின் சித்தப்பா போய்விட்டார். மாரடைப்பு.

சித்தப்பா என்று எழுதினால் போதாது. சு.வுக்கு ஆறு வயதில் அப்பா இல்லை. அண்ணனையும் தங்கையையும் வளர்த்தது இவர். எங்கள் கல்யாணத்தில் கன்னிகாதானம் செய்த கை.

மச்சான் உடனே வந்தார். வீட்டுக்குள் வரவில்லை, படியிலேயே நின்றார். பங்காளித் தீட்டு. மாலையைக் கழற்றிவிட்டார். கழுத்தில் மாலை இருந்த இடம் மட்டும் வெளுப்பாக ஒரு கோடு. இருபதாவது வருஷம், முப்பத்து மூன்றாவது நாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தப்பா பேரைச் சொல்லித்தான் அழுதார்.

சு. பை எடுத்தாள். புடவை ஒன்று வைத்தாள். பிறகு பையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

"நான் வரலண்ணா. சாவு வீட்டுக்குப் போனா இந்த வீட்டுக்குள்ள திரும்பி வர முடியாது. சாமி இருக்கு."

கயல் கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் கை வைத்தாள்.

"நான் கழட்டிடறேன்மா. நீ போ. தாத்தா பாவம்."

"போட்டது போட்டதுதான் சாமி. உள்ள போங்க."

மச்சான் மட்டும் போனார். சு. பகல் முழுக்க வேலை செய்தாள். எல்லா டப்பாவையும் இறக்கிக் கழுவினாள். நான் துடைத்து வைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவைக் கழுவும்போது மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மிளகாய் என்றாள்.

20 டிசம்பர், திங்கள்

ஒப்புக்கொள்ள வேண்டியது: நேற்று மச்சானின் வெறும் கழுத்தைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது நிம்மதி. குருசாமி இல்லை, ஆகவே பயணம் இல்லை, ஆகவே நான் எதிர்த்தும் தடுத்தும் கெட்ட பெயர் வாங்க வேண்டாம். ஒருவர் சாவில் இப்படி ஒரு லாபம் பார்த்தேன். ஐந்து நிமிஷம் இருக்கும். பிறகுதான் சு. பையைத் திரும்ப வைத்ததைப் பார்த்தேன்.

22 டிசம்பர், புதன்

மச்சான் வந்திருந்தார். வாசலில் நின்றே பேசினார். மற்றவர்களை எங்கள் கூட்டத்து ஆட்டோ டிரைவர் ரவி சாமி அழைத்துப் போவார், பன்னிரண்டு வருஷம் போனவர். இருமுடி கட்ட அல்சூரிலிருந்து வேறு குருசாமி வருவார். பிரச்சினை கயல்தான். ஒன்பது வயதுப் பெண். வழியில் வாந்தி எடுத்தால், காய்ச்சல் வந்தால், பாத்ரூம் போக வேண்டும் என்றால். சொந்தத்தில் ஒரு ஆள் வேண்டும். சு. போக முடியாது, வயது முப்பத்து மூன்று.

"நீ போட்டுக்கோ மாப்ள. பத்து நாள் மாலை போட்டுப் போறவங்களும் இருக்காங்க."

சு. என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்க வீட்ல ஒருத்தர் கூடப் போகணும். நீங்கதான் இருக்கீங்க. இல்லன்னா நான் அனுப்ப மாட்டேன்."

ஆபீஸில் டிசம்பர் 24 முதல் ஜனவரி 7 வரை யாருக்கும் லீவு கிடையாது. ஜனவரி 3, திங்கள், புது வருஷத்தின் முதல் வேலை நாள். இரண்டு வருஷ வேலைக்கும் அன்றுதான் பரீட்சை. அதே அன்றுதான் படி ஏறுவது.

மேனேஜர் நாகராஜ் கன்னடக்காரர், மோசமான ஆள் இல்லை. ஜாடையாக விசாரித்தேன். மாலை போட்டிருந்தால் சொல், எப்படியாவது பார்க்கலாம், சாமி காரியத்தில் நான் குறுக்கே நிற்கமாட்டேன் என்றார். மாலை போடாவிட்டால்? சிரித்தார். அப்படியானால் என்ன காரணம் என்று எழுதுவாய்.

பக்தனுக்குக் காரணம் இருக்கிறது. அப்பனுக்கு இல்லை.

மாலை போட்டால்: லீவு. மச்சானுக்கு நிம்மதி. சு.வுக்கு நிம்மதி. கயல் போவாள்.
போடாவிட்டால்: மேலே உள்ள எதுவும் இல்லை.
போடுவதற்கு எதிராக: ஒன்றே ஒன்று. எனக்கு நம்பிக்கை இல்லை. அது எவ்வளவு எடை? ஒரு மணிமாலை எடை இருக்குமா?

ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். போட்டுக்கொள்வது.

23 டிசம்பர், வியாழன்

தூறல் மறுபடி.

கயலிடம் சொன்னேன், சந்தோஷப்படுவாள் என்று. மாடிப்படியில் உட்கார்ந்து கால் விரலில் ஒட்டியிருந்த தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சுரண்டுவதை நிறுத்தவில்லை.

"நீ நம்புறியாப்பா?"

"உனக்காகப் போட்டுக்கறேன்."

"அது இல்ல. நம்புறியா?"

இல்லை என்றேன். இவளிடம் பொய் சொல்ல இந்த மாதத்தில் முடியவில்லை.

"அப்ப போடாத. நம்பாமப் போட்டா அது வெறும் மணிதானே. சாமிக்குத் தெரியும்." தாரைச் சுரண்டிக்கொண்டே: "எனக்கும் தெரியும்."

அப்போ நீ போக முடியாதே என்றேன். தலையாட்டினாள். அழுகை வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். "பரவால்ல. அம்பது வயசுல போறேன்."

நாற்பது வருஷம். என் பொய்யைவிட அது அவளுக்குப் பரவாயில்லையாக இருக்கிறது.

சாயங்காலம் ரவி சாமியின் ஆட்டோவில் ஏறி விஷயத்தைச் சொன்னேன். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார். அட, மாலை இல்லாமலே மலைக்கு வரலாமே, யார் வேண்டாமென்றது என்றார். தலையில் இருமுடி இல்லாதவன் பதினெட்டாம் படியில் கால் வைக்கக்கூடாது, அவ்வளவுதான். வடக்குப் பக்கம் வேறு வழி இருக்கிறது. படிவரைக்கும் நீங்கள் கூட வாருங்கள், அதற்கு மேல் நான் கூட்டிப்போகிறேன். பின்னாலிருந்து ஹாரன். "இரப்பா, நில்லு, சாமி விஷயம் பேசறோம்ல" என்று ஒரு கையால் எல்லோரையும் அடக்கினார்.

இவ்வளவுதானா. ஒரு பொய்க்கும் ஒரு மறுப்புக்கும் நடுவில் ஒரு பக்கவழி இருந்திருக்கிறது, நான் எம்.எஸ்ஸி., எனக்குத் தெரியவில்லை.

24 டிசம்பர், வெள்ளி

நாகராஜிடம் போனேன். மாலை போடவில்லை, போடப்போவதுமில்லை என்றேன். மகள் போகிறாள், அவளோடு போக வேண்டும். மூன்று நாள். ஞாயிறு, திங்கள், செவ்வாய்.

திங்கட்கிழமையா என்று கேட்டார். திங்கட்கிழமைதான்.

நீண்ட நேரம் பேனாவை மேஜையில் தட்டினார். பிறகு: இன்றிலிருந்து ஜனவரி 1 வரை எல்லா ஷிப்டும் என்னுடையது. ஒன்றாம் தேதி காலை பத்து மணிவரை நாற்காலியை விட்டு நகரக்கூடாது. திங்கட்கிழமை தாமஸ் என் இடத்தில் உட்காருவான். பிப்ரவரியில் அமெரிக்கா போகிற பட்டியலில் இருக்கும் என் இடத்திலும் தாமஸ்தான் உட்காருவான். புரிகிறதா. புரிகிறது என்றேன். லீவு ஃபாரத்தில் காரணம் என்று போட்டிருந்த கட்டத்தில் "மகளுடன் செல்ல" என்று எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் எழுதிய முதல் உண்மை.

சு.விடம் அமெரிக்காவைப் பற்றியும் சொன்னேன். கேட்டுவிட்டு, அங்க போயி யாரு குளிர்ல கஷ்டப்படறது என்றாள். அவளுக்கு ஆசை இருந்தது, எனக்குத் தெரியும். போன மாதம் நூலகத்திலிருந்து அந்த ஊர்ப் படம் போட்ட புத்தகம் எடுத்து வந்திருந்தாள்.

கயலிடம் சொன்னபோது மட்டும் விதிப் பட்டியலில் இல்லாத ஒன்று நடந்தது. சாமி என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டது.

1 ஜனவரி 2000, சனி

ஒன்றும் ஆகவில்லை. 00 வந்தது. புரோகிராம்கள் ஓடின. யாரோ கேக் வெட்டினார்கள். பத்து மணிக்கு எழுந்து வந்துவிட்டேன். எட்டு நாளாக நாற்காலி, முதுகு பலகை மாதிரி. தூங்க வேண்டும். நாளைக்கு இருமுடி.

வாங்க வேண்டியது: குளுக்கோஸ், பாண்டேஜ், அவளுக்கு வாந்தி மாத்திரை, தண்ணீர் பாட்டில், கம்பளி.

2 ஜனவரி, ஞாயிறு

காலையில் கோயிலில் இருமுடி கட்டினார்கள். தேங்காயின் கண்ணைத் திறந்து, நெய்யை உள்ளே ஊற்றி, தக்கை வைத்து அடைத்து, அதைத் துணிப்பையின் முன்பக்கம் வைத்து. பின்பக்கம் வழிக்கு வேண்டிய பண்டம். இரண்டு முடிச்சு, அதனால் இருமுடி. கயலுக்குச் சின்னத் தேங்காயாகப் பொறுக்கியிருந்தார்கள்.

மச்சான் தீட்டினால் உள்ளே வரக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார். நானும் அங்கேயே போய் நின்றேன். இருபது வருஷம் நம்பியவரும் ஒரு நாளும் நம்பாதவனும் ஒரே மரத்தடியில். அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. "நெய் சிந்தாம ஊத்தறானா பாரு மாப்ள" என்றார், அங்கிருந்து தெரியவில்லை. "சிந்தலை மச்சான்" என்றேன்.

வீட்டார் ஒவ்வொருவராகப் பைக்குள் மூன்று கைப்பிடி அரிசி போட வேண்டும். சு. போட்டாள். பிறகு கயல் கூட்டத்துக்கு மேலே எட்டிப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

"ப்பா, அரிசி."

போனேன். அரிசிதானே. அவளுக்கு நான் போடுகிற அரிசி. மூன்று கைப்பிடி. மூன்றாவதைக் கொஞ்சம் கூடவே அள்ளினேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு வேன். எல்லோரும் கறுப்பு, நான் மட்டும் கட்டம் போட்ட சட்டை. ரவி சாமி எனக்குப் பெயர் வைத்துவிட்டார்: சிவில் சாமி. ஓசூர் தாண்டுவதற்குள் எல்லோரும் அப்படியே. "சிவில் சாமி, அந்த ஜன்னலை ஸ்வல்ப திறங்க." சு. வழியனுப்பும்போது அழவில்லை. கம்பளியைச் சுட்டிக் காட்டினாள், அவ்வளவுதான்.

3 ஜனவரி, திங்கள்

பம்பை. எல்லோரும் இறங்கி வந்தாயிற்று. வேன் கிளம்பக் காத்திருக்கையில் எழுதுவது, முழங்காலில் வைத்து.

காலை ஏழுக்கு ஏற ஆரம்பித்தோம். வெறுங்கால், தலையில் இருமுடி, ஒரு கை எப்போதும் மேலே. வாங்கிக்கொள்கிறேன் என்றேன். கூடாதாம், என் கை படக்கூடாது. தூக்கிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாமாம். அப்பாச்சிமேட்டில் ஏற்றம் செங்குத்து. இரண்டு தடவை உட்கார்ந்தாள். இரண்டு தடவையும் தானாக எழுந்தாள். நான் பின்னாலேயே, விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. ரவி சாமி திரும்பிப் பார்த்தார்.

"சிவில் சாமி, கையை மடக்குங்க. அவங்க போயிருவாங்க."

மடக்கினேன். போய்விட்டாள்.

படி வந்தது. நான் நினைத்ததைவிடக் குறுகல். கூட்டம் அலை மாதிரி தள்ளுகிறது. போலீஸ்காரர்கள் படியின் இரண்டு பக்கமும் நின்று ஆட்களை மேலே இழுத்துவிடுகிறார்கள். அவள் கையை ரவி சாமி கையில் கொடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, மோவாயால் வடக்குப் பக்கத்தைக் காட்டினாள். நீ அந்தப் பக்கம். வழி சொல்கிறாள் எனக்கு.

கூட்டம் மூடிக்கொண்டது. நாலாவது படியிலோ ஐந்தாவதிலோ ஒரு சின்ன இருமுடி மேலே போவது தெரிந்தது. அவளுடையதா தெரியாது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தது எனக்குத் தெரியவில்லை.

பக்கவழியில் வரிசை. முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி எழுத விருப்பமில்லை. வைட்ஃபீல்டில் இந்நேரம் என்ன ஆகிக்கொண்டிருக்கும் என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன். சன்னதி முன்னால் வந்தபோதும் நான் பக்கவாட்டில்தான் தேடிக்கொண்டிருந்தேன். யாரோ முதுகைத் தள்ள, வெளியே வந்துவிட்டேன்.

ஒரு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், ரவி சாமி பக்கத்தில். மடியில் இருமுடி. முகம் வியர்வையும் விபூதியும்.

"சாமியப் பாத்தியாப்பா?"

இல்லை, உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், அதற்குள் தள்ளிவிட்டார்கள் என்றேன். வருத்தப்படுவாள் என்று நினைத்தேன்.

"நானும் ஒரு செகண்டுதாம்ப்பா. போலீஸ் மாமா தூக்கி அந்தாண்ட விட்டுட்டாரு."

நாற்பத்தெட்டு நாள். பச்சைத் தண்ணீர். முட்டை கேக்குக்கு நூற்றெட்டு. அவள் அம்மா போகாத சாவு. ஒரு செகண்ட். அவள் சார்பில் எனக்குக் கோபம் வந்தது. அவள் முகத்தில் தேடினேன், அங்கே இல்லை.

"போதுமா அது?"

"போதும்."

என்ன பார்த்தாய் என்று கேட்டேன். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"அத சொல்ல மாட்டேன்ப்பா."

குறும்பு இல்லை, கோபம் இல்லை. அவளுடைய பொருள், அவளிடம் இருக்கிறது. பிறந்த நாளிலிருந்து இவளைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இருந்ததில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று முதல் ஒன்று இருக்கிறது. அதன் பக்கம் எனக்கு வழி இல்லை. மறுபடி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள், வேன் சீட்டில், வாயைத் திறந்துகொண்டு. இடது கை இன்னும் தலைக்கு மேலே மடங்கி இருக்கிறது, எதையோ பிடித்திருக்கிற மாதிரி. இறக்கிவிடப் பார்த்தேன். இறங்கவில்லை.